தாத்தாவின் ஹெரால்ட்: பிரிப்பதற்கு முன்னால்

கேள்வி: தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் பூர்வீக வீட்டு ஷெட்டில், தாத்தாவின் 1965 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 22 வருடமாக நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தா பெயரில்தான். ஒரு கேரேஜ்காரர் வந்து பார்த்துவிட்டு, முழுசாகப் பிரித்து, வேண்டுமானால் மாருதி எஞ்சின் போட்டு, புதுசு போல ஆக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? இதற்கு என்ன மதிப்பு இருக்கும்? விற்றுவிடுவது நல்லதா?

பதில்:

முழுசாகப் பிரிக்க விடாதீர்கள். மற்ற விஷயங்களில் உங்கள் வசதிப்படி செய்யலாம், இந்த ஒன்றில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

துருப்பிடித்து அழிந்த பழைய கார்களைவிட, பிரித்துப் போட்டு அழிந்த கார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஒருவர் தன் அப்பாவின் ஹெரால்டை இதே மாதிரி ஒரு பட்டறையில் விட்டார். இரண்டே நாளில் பாடி வேறு, சேஸ் வேறு, எஞ்சின் வேறு என்று ஆகிவிட்டது. டிங்கரிங் வேலை பாதியில் இருக்கும்போது நண்பருக்குப் பணம் முடை. அப்புறம் பட்டறை இடம் மாறியது, வேலை தெரிந்த மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆறு வருடம் கழித்து அந்தக் கார் என்னிடம் வந்தபோது, வேனில் வெறும் கூடும் மூன்று சாக்குப்பைகளுமாக வந்தது. ஹெட்லைட் வளையம் ஒன்று இல்லை, ஸ்பீடோமீட்டர் இல்லை, கதவோரப் பட்டிகள் ஒன்றுகூட இல்லை. எந்த போல்ட் எங்கே போகும் என்று சொல்ல ஆளும் இல்லை. அதைத் திரும்பக் கோர்க்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. உங்கள் ஷெட்டில் இப்போது நிற்பது முழுக் கார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தச் சாக்குப்பைகளைக் கொட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

மற்றக் கார்களைவிட ஹெரால்டுக்கு இந்த ஆபத்து அதிகம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனம், தன் டிரயம்ப் பெயரில் விற்க ஒரு புதிய சிறிய காரை யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கார் நிறுவனமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1953இல் வாங்கிவிட்டது. சேஸும் பாடியும் ஒரே கூடாக இருக்கும் காரை அச்சடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. அதனால் பழைய முறைக்கே திரும்பி, அடியில் தனி சேஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலொட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. பெட்டியில் துண்டுகளாக அனுப்பி இன்னொரு நாட்டில் பூட்ட இந்த அமைப்பு தோதாக இருந்தது. 1961இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஹெரால்டைத் தயாரிக்க ஆரம்பித்தது. சுலபமாகப் பூட்டக்கூடிய கார் என்பதால் சுலபமாகப் பிரித்துவிடவும் முடியும். ஒரு சாயங்காலத்துக்குள் பிரித்துவிடலாம் என்ற தைரியம்தான் எத்தனையோ ஹெரால்டுகளை முடித்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் இந்தக் கார் 1147 சி.சி., அப்புறம் 1296 சி.சி. என்று வளர்ந்தது. நம்மூரில் 948 சி.சி.யோடுதான் ஓடியது. இங்கே நான்கு கதவு ஹெரால்ட் செய்தார்கள், அது வேறெந்த நாட்டிலும் கிடையாது. 1972இல் வந்த கெசல் இதே காரின் அடுத்த பிறவி. ஆக, உங்கள் தாத்தாவின் கார் வெறும் டிரயம்ப் நகல் இல்லை. மெட்ராஸ் தொழிலாளர்கள் கையால் தனிக் கிளையாக வளர்ந்த ஒன்று. அந்தத் தொழிற்சாலை 1980களின் கடைசியில் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்யப்பட்ட ஒரு பாகத்தைத் தூக்கி எறிந்தால் அதே மாதிரி இன்னொன்று செய்து தர யாரும் இல்லை.

சரி, பிரிக்காமல் என்ன செய்வது? முதலில் கைவைக்காமல் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் நூறு படமாவது எடுங்கள்: டேஷ்போர்டு, சீட் அடி, டிக்கி உள்பக்கம், வயர் போகும் வழி, கதவு இடைவெளி. தரை மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் படுத்துக்கொண்டு சேஸைப் பாருங்கள். ஹெரால்டின் உயிர் சேஸில்தான் இருக்கிறது. நடுவில் நீளமாகப் போகும் இரண்டு குழல்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகள், பின்னால் டிஃபரன்ஷியல் உட்காரும் இடம் ஆகிய மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். இரும்பு கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டாலோ, ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினாலோ அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். பக்கவாட்டுக் கைகள் மட்டும் போயிருந்தால் பெரிய கவலை இல்லை, அவற்றைத் தனியாக வெட்டிப் புதிதாக வெல்டு செய்யலாம். நடுக்குழல் போயிருந்தால்தான் பாடியைத் தூக்க வேண்டிவரும். அப்படித் தூக்க நேர்ந்தால், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டு வைத்த பிறகே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடு வளைந்துவிடும், அதற்கப்புறம் எவ்வளவு பட்டி பார்த்தாலும் கதவு சரியாக உட்காராது.

கடலோர ஊர் இல்லை என்பது உங்களுக்கு நல்லது. சென்னையில் உப்புக் காற்றில் நின்ற ஹெரால்டுகளின் அடியைப் பார்த்திருக்கிறேன், சில இடங்களில் விரல் உள்ளே போகும். டெல்டாவில் மழைக்காலத்தில் ஷெட்டின் மண் தரை ஈரம் கோர்த்து நிற்கும், அதை மட்டும் பாருங்கள். இப்போதைக்குக் காரை நான்கு பலமான ஸ்டாண்டுகளில் ஏற்றி, தரையில் தடிமனான பிளாஸ்டிக் விரித்துவிடுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துவிடாதீர்கள். 22 வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம், அதை வேகமாகச் சுற்றினால் ரிங் உடையும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் மெல்லிய எஞ்சின் ஆயில் விட்டு, மூன்று நாள் சும்மா விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, முன் பக்கப் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் இன்னும் ஆயில், இன்னும் ஒரு வாரம். ஒரு காருக்கு நான் ஒரு மாதம் காத்திருந்தேன், கடைசியில் சத்தமில்லாமல் திரும்பியது. திரும்பியதும் பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள், பழைய பெட்ரோல் கோந்தாகிக் கிடக்கும்.

திரும்பிய எஞ்சினில் ஒரு சோதனை உண்டு. இந்த வகை எஞ்சினின் பலவீனம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். ஒருவரை உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லிவிட்டு, நீங்கள் முன் புல்லியைப் பாருங்கள். ஒரு தாள் தடிமன் அளவுக்கு அசைந்தால் பரவாயில்லை. முன்னும் பின்னும் போவது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, இனி ஓட்டக் கூடாது. அது கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போகும். சின்ன வாஷர் ஒன்றை நேரத்தில் மாற்றாமல் விட்டதால் எஞ்சினையே இழந்து, கடைசியில் மாருதி எஞ்சினுக்குப் போன ஹெரால்டுகள் உண்டு.

அடுத்தது டிரனியன். நான் எழுதுவதில் இந்தப் பத்தியை மட்டுமாவது உங்கள் மெக்கானிக்குக் காட்டுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ் முனையில் போல்ட்டில் இருப்பது போலத் திருகு மறை இருக்கும், அது டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது 90ஆம் நம்பர் கியர் ஆயில். பார்க்க கிரீஸ் நிப்பிள் மாதிரி இருப்பதால் எல்லாரும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் இறுகி, மறைக்குள் எண்ணெய் போகாமல் தடுத்து, உள்ளே துரு ஏறி, ஒரு நாள் தண்டு முறியும். எனக்கே நடந்தது. நான் வழக்கமாகக் காரை சர்வீஸுக்கு விடும் இடத்தில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள், நானும் பார்க்கவில்லை. பெட்ரோல் பங்க்குக்குள் மெதுவாகத் திரும்பியபோது இடது முன்சக்கரம் மடிந்து பாடிக்கு அடியில் போய்விட்டது. ஐந்து நிமிடம் முன்பு பைபாஸில் 70இல் வந்துகொண்டிருந்தேன், பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அன்றிலிருந்து நானே எண்ணெய் விடுகிறேன். இரண்டு தண்டையும் கழற்றி, மறையில் துருவோ விரிசலோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இங்கிலாந்தில் டிரயம்ப் கார்களுக்குப் பாகம் செய்பவர்கள் இன்றும் நிறைய. ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் அடிப்படையில் வந்ததால் அதன் ரசிகர்கள் புண்ணியத்தில் நமக்கும் பாகம் கிடைக்கிறது.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ் எல்லாமே புதுசு. பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டயரும் அப்படித்தான், பட்டன் தேயாமலிருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. வயரிங்கை எலி கடித்திருக்கும், மெதுவாகப் பாருங்கள். பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், அந்தக் கால ஆங்கிலக் கார்களில் பாசிட்டிவ் எர்த் சாதாரணம். மாற்றி மாட்டினால் டைனமோ வீணாகலாம்.

பெட்ரோல் விஷயம் உங்கள் தாத்தா காலத்தில் இல்லாத தலைவலி. அன்று பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு உட்காரும் இடத்துக்குக் காப்பாக இருந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000இல். தினமும் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால்தான் இந்த எஞ்சினுக்கு அது பிரச்சினை. ஹெட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அப்போது லேத்தில் கொடுத்துக் கெட்டியான வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம், அதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் உள்ள 20 சதவீத எத்தனால்தான் உடனடி ஆபத்து. பழைய ரப்பர் ஹோஸையும், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) அது ஊறவைத்துக் கெடுக்கும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஹோஸ் கிழிந்தால் சூடான எஞ்சின்மேல் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயஃப்ரம் இரண்டும் முதல் நாளே போடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து கார் ஊருக்குள் ஓட ஆரம்பித்தால், அதுவரை ஆன செலவு கேரேஜ்காரர் சொன்ன தொகையில் சின்னப் பங்குதான் இருக்கும். ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்கள். கார் தானே சொல்லும், அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்று. பின் அச்சைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: இதன் பின்சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரித் தனித்தனியாக ஆடும். வளைவில் வேகமாகப் போய்விட்டு சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பு. பழைய கார் என்றாலே கோடிகள் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. 2022இல் 1955ஆம் வருட மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது உண்மை. ஆனால் அந்த மாதிரியில் செய்ததே இரண்டு கார்கள். ஹெரால்ட் சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்த கார். முழுசாகப் பிரித்து டிங்கரிங், பெயின்ட், குரோம், சீட் எல்லாம் செய்தால் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடும், இது கிட்டத்தட்ட நிச்சயம். லாபத்துக்காகச் செய்வதென்றால் இப்போதே விட்டுவிடுங்கள். விலை தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் விளம்பரத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், கைமாறிய தொகையைக் கார் வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

விலையை ஏற்றுவது பளபளப்பு என்று நினைக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். 2014இல் மேற்கு பிரான்ஸில் பையோன் என்ற குடும்பத்தின் ஷெட்டுகளில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் வெளியே வந்தன. அதில் ஒரு ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர், மேலே பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கிய நிலையில் இருந்தது. அடுத்த வருடம் பாரிஸ் ஏலத்தில் அதன் தூசியைக்கூடத் துடைக்காமல் வைத்தார்கள், சுமார் 1.6 கோடி யூரோவுக்குப் போனது. உங்கள் ஹெரால்டுக்கு அந்தப் பணம் வராது, ஆனால் அதே கண்ணோட்டம் பொருந்தும். அசல் பெயின்ட், அசல் சீட் ரெக்சின், அசல் எஞ்சின் நம்பர், கழற்றப்படாத கம்பெனி ரிவிட் இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காரின் சாட்சியம். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, இருப்பதைப் பாதுகாப்பதை முதலிலும் புதுப்பிப்பதைக் கடைசியிலும் வைக்கச் சொல்வது இதனால்தான். பெயின்ட் மங்கியிருந்தால் முதலில் கையால் பாலிஷ் போட்டுப் பாருங்கள். அடிக்க வேண்டியே வந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னாலும் டிக்கிக்குள்ளும் அசல் நிறம் அப்படியே இருக்கும், அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். மெட்டாலிக் நிறம் வேண்டவே வேண்டாம்.

மாருதி எஞ்சின் யோசனை இங்கேதான் சட்டத்தோடும் இடிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவிலேயே இருக்கும், சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர் இருந்தால் அதுவே காரின் மதிப்பில் ஒரு பங்கு. ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். குடும்பத்தோடு கும்பகோணம் போய் வர வேண்டுமென்றால் வழக்கமான முறையில் எஃப்.சி. காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழிதான் உங்களுக்கு. எஞ்சினை மாற்றிவிட்டால் விண்டேஜ் வழி அடைபடும். 948 எஞ்சின் கெட்டே இருந்தாலும் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யலாம், பிளாக் நம்பர் அப்படியே நிற்கும்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் இறந்தால் ஃபாரம் 31. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவைப்படும். அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கார் பளபளவென்று ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் மனஸ்தாபம் வரலாம். பழைய புத்தக ஆர்.சி.யின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள், இல்லாவிட்டால் முதலில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும். போகும் முன் சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பென்சிலால் தேய்த்துத் தாளில் பிரிண்ட் எடுத்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸ் நம்பர் தெரியாத அளவுக்குத் துரு ஏறியிருந்தால் மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவி ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். இன்ஷூரன்ஸில், இவ்வளவு பழைய காருக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வீர்கள், அதனால் படங்களையும் பில்களையும் சேர்த்து வையுங்கள்.

விற்கலாமா என்று கேட்டீர்கள். வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை, இடமும் இல்லை என்றால் விற்பது தப்பே இல்லை. ஆனால் பெயரை மாற்றி, எஞ்சினைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, முழுக் காராக விற்றுவிடுங்கள். அப்போதுதான் அதை வைத்துக் காப்பாற்றுகிற ஆள் வருவார். இப்படியே கொடுத்தால், சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குத் துண்டு துண்டாகப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வைத்துக்கொள்வதானால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிளவ் பாக்ஸையும், சீட்டுக்கு அடியிலும், தாத்தாவின் பீரோவிலும் தேடிப் பாருங்கள். பழைய பெட்ரோல் பில், சர்வீஸ் சீட்டு, டாக்ஸ் டோக்கன், காரின் முன் நின்று எடுத்த கல்யாண ஃபோட்டோ என்று ஏதாவது கிடைக்கும். அந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போன பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைக் கூட்டிவந்து காட்டி, என்ன நிறம் இருந்தது, எந்த வருடம் சீட் மாற்றியது, யார் மெக்கானிக் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயின்டரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.